எண்ணெய்க்கா, தண்ணீருக்கா என்று கேட்டவளுக்கு

என் தேனு அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். செல்போன் வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் பேரை எடுத்தாலே அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. கெமிஸ்ட்ரி என்ற சொல் காதில் விழுந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால்தான் இந்தத் திருட்டு எழுத்து. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

ஐதராபாத்தில் வேலை பார்த்த இடத்தில் நீ காய்ச்சலில் இறந்துபோனாய். டெங்கு என்று டாக்டரே அப்பாவிடம் சொன்னார். ஆனால் ஊரில் யாரும் அதை ஏற்கவில்லை. "மருந்துக் கம்பெனியில ஆசிட்டுக்குள்ளயே நின்னுச்சுல்ல, அதான் ரத்தத்தைக் கெடுத்துருச்சு" என்று துக்கத்துக்கு வந்தவர்களே பேசினார்கள். கேட்டுக் கேட்டு அப்பாவும் அதையே நம்பத் தொடங்கிவிட்டார்.

நான் இப்போது ப்ளஸ் டூ. முடித்ததும் புதுக்கோட்டையில் பி.காம். என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கறம்பக்குடி மாமா நாளைக் காலையில் அதைப் பேசி முடிக்க வருகிறார். எனக்கோ நீ படித்த கெமிஸ்ட்ரிதான் வேண்டும் அக்கா. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் என்றாவது வேறு யார் கையிலாவது கிடைத்தால், நீ என்ன வேலை பார்த்தாய் என்பது அவர்களுக்காவது தெரியட்டும். நீ கடைசியாகப் பொங்கலுக்கு வந்திருந்தபோது அம்மா கேட்டாளே, நினைவிருக்கிறதா?

"அப்படி என்னதான்டி பண்றீங்க அங்க?"

"மாப்பிள்ளை விசாரிக்கிற வேலைம்மா. புதுசு புதுசா மூலக்கூறு செஞ்சு கொண்டாந்து குடுப்பாக. இது மருந்தா உள்ள போகலாமா, வேணாமான்னு நாங்க குணம் விசாரிச்சுச் சொல்லணும். தண்ணியில கரையுமா? எண்ணெய்ப் பக்கம் ஒட்டுமா, தண்ணிப் பக்கம் ஒட்டுமா? வயித்துப் புளிப்புல போட்டா தாங்குமா, ஒடைஞ்சு போகுமா?"

"அப்படியே ஒனக்கும் ஒருத்தனை விசாரிச்சுக்கிட்டு வா."

"எவனும் கரைய மாட்டேங்கிறான்மா."

அம்மா கரண்டியை ஓங்கினாள். நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

தண்ணீரில் கரையவே கரையாத மாத்திரை குடலில் சும்மா பயணம் செய்துவிட்டு வெளியே போய்விடும். எண்ணெயே கதி என்று கிடப்பது உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டுவதுதான் வேண்டும் என்று அன்றைக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது.

உன் ஆய்வகத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாக ஒரு மூலக்கூறு இருந்ததே, அதையும் மறக்கவில்லை. மாசக்கணக்கில் அதன் பின்னால் உழைத்திருந்தார்கள். வேகமாகப் பார்க்கும் சோதனையில் அது நன்றாகக் கரைந்ததாகக் காட்டியது. ஏற்கெனவே வேறொரு திரவத்தில் கரைத்துத் தண்ணீரில் சொட்டுவதால் முதலில் அப்படித்தான் காட்டும் என்று நீ சொன்னாய். பிறகு நீ தூளை நேராகத் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்கக் குலுக்கவிட்டுப் பார்த்தாய். பெரும்பகுதி கரையாமல் அடியில் கிடந்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள், செய்தாய். மறுபடியும் அடியில்தான். அதையே எழுதிக் கொடுத்தாய். அன்றைக்குப் போனில் உன் குரலில் சிரிப்பு இருந்தது.

"எல்லாரும் உழைச்சதைத் தூக்கிப் போட வச்சுட்டேன் கயலு."

"இதுல என்னக்கா சந்தோசம்?"

"இப்பவே தெரிஞ்சா நாலு பாட்டில் கழுவுற வேலையோட போச்சு. ஒரு நோயாளி நம்பி முழுங்கினதுக்கப்புறம் தெரிஞ்சா?"

அன்றைக்கு எனக்கு அது பாதிதான் புரிந்தது. இன்றைக்கு முழுக்கப் புரிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இன்று ஆலங்குடியில், எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வீட்டில் வெறுமனே 'ஸ்கூல்ல ஃபங்ஷன்' என்று சொல்லிவிட்டுப் போனேன். உன் எண்ணெய், தண்ணீர் சோதனையைத்தான் வைத்திருந்தேன். பாட்டிலில் தண்ணீரும் கடலை எண்ணெயும் விட்டு, பீட்ரூட் சாறும் மஞ்சள் தூளும் போட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சள் மேலே எண்ணெயில் ஏறும், பீட்ரூட்டின் சிவப்பு கீழே தண்ணீரிலேயே நிற்கும்.

பரிசுக்குப் பார்க்க வெளியூர்ப் பள்ளியிலிருந்து ஒரு சார் வந்தார். அவர் முன்னால் குலுக்கி வைத்தேன். பிரியவே இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து வெளிறிப்போய் நுரைத்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா, மோரு கடைஞ்சு வச்சிருக்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்ற என் வகுப்பு ஜோதி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "ஏய், நேத்து செஞ்ச பாட்டில் மேசைக்குக் கீழ இருக்குடி. நல்லாப் பிரிஞ்சு நிக்கிது. அதை எடுத்துக் காமி."

எடுக்கக் குனிந்தேன் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். நிமிரும்போது வாசலில் அப்பா. கையில் என் டிபன் பாக்ஸ். மறந்துவிட்டுப் போனேன் என்று அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறாள். என் தலைக்கு மேலே அட்டையில் பெரிதாக 'வேதியியல்' என்று எழுதியிருந்தது.

அந்த நேரத்தில் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வெறுங்கையோடு நிமிர்ந்து சொன்னேன். "சார், இது தப்பா வந்திருக்கு. பாட்டில்ல பாத்திரம் கழுவுற சோப்பு ஒட்டியிருக்கு. சோப்பு இருந்தா ரெண்டும் பிரியாது. இந்த ரிசல்ட் செல்லாது. வேற பாட்டில்ல முதல்லேருந்து செஞ்சு காட்டுறேன்."

"அப்ப அடுத்ததைப் பார்த்துட்டு வாரேன்" என்று நகர்ந்தார். திரும்பி வரவில்லை. பரிசும் இல்லை.

ஆனால் அப்பா போகவில்லை. நான் வேறு பாட்டிலை அலசி, வெந்நீர் விட்டு மறுபடி அலசி, புதிதாகச் செய்து முடிக்கும்வரை டிபன் பாக்ஸைப் பிடித்தபடி நின்றார். மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாகப் பிரிந்ததும் குனிந்து பார்த்தார்.

"தேனு இதத்தான் பார்த்தாளா?"

"இதுமாதிரிதாம்ப்பா."

அவ்வளவுதான். சாயங்காலம் அவரே வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியில் டீக்கு நிறுத்தியபோது டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது புள்ளையா? பெரியதுதானே மருந்து கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். அப்பா டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். முந்திரித் தோப்பு தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"ஏத்தா, அக்கா எத்தனை மருந்து கண்டுபிடிச்சா?"

நான்கைந்து என்று சொல்லியிருந்தால் அவர் முகம் மலர்ந்திருக்கும். நாளைக்கு எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அது உன் வேலைக்குச் செய்கிற துரோகம் இல்லையா?

"ஒண்ணுகூட இல்லப்பா. அக்கா கைக்கு வந்ததுல முக்காவாசி குப்பைக்குத்தான் போச்சு. எது போகணும்னு அளந்து சொல்றதுதான் அவ வேலை. அதுல அவ பொய்யே சொன்னதில்லப்பா."

வண்டி வேகம் குறைந்தது. திட்டப்போகிறார் என்று சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மண்டியில தேங்காயைத் தட்டிப் பார்த்து, அழுகலை அங்கிட்டு ஒதுக்குறவன் ஒருத்தன் இருப்பான்" என்றார். "அவன் சரியில்லேன்னா லோடு பூரா திரும்பி வந்துரும்." கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகச் சொன்னார். "அப்ப எம் மக பெரிய வேலைதான் பார்த்திருக்கா. இதை யாருமே எனக்குச் சொல்லலியேத்தா."

நீ போன பிறகு அவர் 'எம் மக' என்று சொல்லி இன்றைக்குத்தான் கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு விம்மியது. நான் உன் தங்கை என்று டீக்கடை, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் இறங்கிச் சொல்லிவிட்டு வரலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் அக்கா? சம்மதமா? அல்லது உன்னைப் பற்றிய பெருமை வேறு, என்னை அனுப்புவது வேறா? அப்பாவின் மனசை அளக்க எந்தக் கருவியும் என்னிடம் இல்லை.

நாளைக்கு மாமா சத்தம் போடுவார். அம்மா அழுவாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கும், அது நிச்சயம். இருந்தாலும் பயம் தெளியட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. அந்தப் பயத்தோடேயே, மாமா பேசி முடிப்பதற்குள், அப்பாவின் முகத்தைப் பார்த்து, "எனக்குக் கெமிஸ்ட்ரி வேணும்ப்பா" என்று சொல்லிவிடுவேன். பதில் எதுவானாலும், கேட்காமல் இருந்துவிட்டாள் என்று மட்டும் இருக்காது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உனக்குப் பின் பிறந்தவள்,
கயல்