உங்கள் பெயரில் ஒரு வாக்கு

என்னை விட்டு ஒரு நாளும் தூரப் போகாத நிரோஷின் அப்பாவுக்கு,

இஞ்சாருங்கோ, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் பனியையும், தனியாகச் சாப்பிடுவதையும், கார் ஓடுவதையும்கூடப் பழகிவிட்டேன். இந்தப் பயத்தைத்தான் பழக முடியவில்லை. எங்கள் மல்வேர்ன் பகுதி முழுக்க எங்கள் வீட்டுக் கதையைக் கதைத்து முடித்துவிட்டார்கள். அதனால் நடந்ததை உங்களுக்குச் சொல்கிற இந்தக் கடிதத்தை அவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும்.

உங்கள் போனை நான் நிறுத்தவில்லை. வங்கியிலும் கரண்ட் பில்லிலும் இன்னும் அந்த நம்பர்தான் இருக்கிறது. குசினி மேசை லாச்சியை இழுத்தால் சார்ஜரோடு கிடக்கும். ஆறு கிழமைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகமுன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க லாச்சி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் கட்சியிலிருந்து ஒரு செய்தி. தவராசா, உங்கள் அங்கத்துவத்தைப் புதுப்பித்ததற்கு நன்றி, எங்கள் வேட்பாளரைத் தெரிவுசெய்ய உங்கள் வாக்கு முக்கியம் என்று இருந்தது.

தேத்தண்ணி மேசையெல்லாம் ஊற்றுப்பட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு கணம் நீங்கள்தான் எங்கேயோ இருந்து புதுப்பித்துவிட்டீர்களாக்கும் என்று நினைத்தேன். கட்சி விஷயத்தில் நீங்கள் அப்படிப்பட்ட ஆள்தானே.

உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று. எங்கள் தொகுதியின் பழைய எம்.பி. இனிப் போட்டியிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். இந்த முறை கட்சி தோற்கும் என்று எல்லோரும் கதைப்பதால் கெட்டிக்காரர் ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. அவருடைய இடத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். அங்கத்தவர்கள் வாக்குப் போட்டு ஒருவரை எடுக்க வேண்டும். போனில் செய்தி வருவதற்கு முன்னமே நூலக மண்டபத்தில் மூவரும் பேசினார்கள். உங்களுக்காகப் போய்க் கேட்டேன். லோயர் ஒருவர், தமிழில் பேசினாலும் ஆங்கிலத்தில் பேசினாலும் பேப்பரை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. ஒரு ரீச்சர், போன தேர்தலில் மற்றக் கட்சிக்குப் பதாகை நட்டவர். மூன்றாமவர் வீடு விற்கிற ஏஜென்ட். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் குந்துகிற வாங்குகளில் எல்லாம் அவருடைய முகம் இருக்கிறது. வாடகை ஏறுவதைப் பற்றி ஒரு கிழவர் கேட்டதற்கு, அப்ப வீட்டை வாங்குங்கோவன் என்று சிரித்தார்.

எங்கள் பக்கத்து வீட்டு ராணி என் காதுக்குள் சொன்னாள், "அக்கா, மூண்டையும் சேத்தாலும் ஒரு ஆள் வராது."

நானும் சிரித்தேன். நிரோஷ் சிரிக்கவில்லை. அவன் ஏஜென்டின் பிரசாரத்தில் அங்கத்தவர் சேர்க்கும் வேலை செய்துகொண்டிருந்தான். சட்டம் படிக்க விண்ணப்பித்திருக்கிறான், அதற்கு இது உதவும் என்றான். அப்பாவைப் போல அரசியலில் இறங்குகிறான் என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

போனில் செய்தி வந்த அடுத்த நாள், வேலை முடிந்து தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். உங்களைத் தெரியாத ஒரு பிள்ளை இருந்தாள். கணவருடைய படிவத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஓம் அன்ரி, அங்கிள் நல்ல ஆள், நேரத்தோட ரினியூ பண்ணியிருக்கிறார்" என்று எடுத்துத் தந்தாள்.

உங்கள் கையெழுத்து. தமிழில். வீட்டுக் கடன் பத்திரத்தில்கூட நீங்கள் தமிழில்தானே கையெழுத்து வைத்தீர்கள். ஆனால் "ரா"வின் கால் எழுத்தை விட்டுத் தள்ளி நின்றது. அப்படி எழுதுகிற ஒரே ஆள் எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் கொப்பியில் எத்தனை தரம் சிவப்புப் பேனையால் திருத்தினீர்கள்? கால் கிட்ட நிக்கவேணும் தம்பி, இல்லாட்டி எழுத்து விழுந்துபோகும் என்று எத்தனை தரம் சொன்னீர்கள்?

அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியில் வந்தேன்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் நிரோஷிடம் கேட்டேன். முதலில் இல்லையென்றான். பிறகு, "ஒரு போர்ம்தான் அம்மா" என்றான்.

"எத்தினை?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "முப்பது... கூடவும் இருக்கும். செத்தவையும் இருக்கினம், தொகுதியை விட்டு அஜக்ஸுக்கு வீடு மாறிப் போனவையும் இருக்கினம். லிஸ்ட் ஏஜென்டின்ர ஒபீசில தந்தது. சைன் பண்ணினது நான். வோட் போடுற கோட் நம்பர் போனுக்குத்தான் வரும். அப்பான்ர போன் எங்கட வீட்டிலதானே."

"ஏன்ரா?"

"நீங்களும் பாத்தீங்கள்தானே அம்மா. மூண்டு பேரும் வீக். லோயரால கதைக்கேலாது. ரீச்சர் நாளைக்கு எந்தக் கட்சியில நிப்பா எண்டு அவவுக்கே தெரியாது. எங்கட ஆளும் வீக்தான், ஐ நோ. ஆனா அவரைச் சனத்துக்குத் தெரியும். அவர் நிண்டாத்தான் சீட் மிஞ்சும். அப்பா இருந்தா இதுக்கு ஓம் எண்டிருப்பார்."

அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் எனக்கு மட்டும் சொன்னதை அப்போது அவனுக்குச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்காக இருந்த நாளில் உங்களைத் தேர்தல் கடமைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதையும், துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஒரு கட்டு வாக்காளர் அட்டையை மேசையில் போட்டதையும் சொன்னேன். அதில் உங்கள் சொந்தச் சித்தப்பாவின் பெயரும் இருந்தது. அவரைச் சுடலைக்குக் கொண்டுபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவருடைய பெயரை நீங்களே உரத்து வாசித்து, யாரோ ஒருவனின் விரலுக்கு மை பூசினீர்கள். அதற்குப் பிறகு ஊரில் நீங்கள் வாக்குப் போடவே இல்லை. இங்கே குடியுரிமை கிடைத்து முதன்முதல் வாக்குப் போட்டுவிட்டு வந்து, "வதனி, எனக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கேல்லை" என்று சொல்லி அழுதீர்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே கட்சியிட்டப் போய்ச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன். "அப்பிடிச் செய்தா என்ர லைஃப் முடிஞ்சுது அம்மா" என்று சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவன் போகவில்லை. சனிக்கிழமை நான் தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். வாக்கெடுப்புக்குப் பொறுப்பாக வேறு மாகாணத்திலிருந்து கட்சி அனுப்பிய வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருந்தார். உங்கள் மரணச் சான்றிதழை மேசையில் வைத்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், மெல்லக் கேட்டார்: இதில் கையெழுத்து வைத்தது யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் அந்தச் சொல் வந்தும் விட்டது. இஞ்சாருங்கோ, நான் அவனுடைய பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை அவருக்கு எழுதத் தெரியாமல் இருக்க, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னேன். பெற்ற தாய் செய்கிற வேலையா அது? நீங்களே சொல்லுங்கள். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்றே அவன் உடுப்புப் பையோடு அஜக்ஸில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். ஏஜென்ட், தனக்கு ஒன்றும் தெரியாது, ஒரு பெடியன் தன்பாட்டில் செய்த வேலை என்று வானொலியில் சொன்னார். கட்சி அவரைப் போட்டியிலிருந்து விலக்கியது. மற்ற இரண்டு பேரில் லோயர் வென்றார். வென்ற பிறகு நன்றியையும் பேப்பரைப் பார்த்துத்தான் வாசித்தாராம். இவர் பொதுத் தேர்தலில் நின்று பிடிப்பார் என்று ஒருவரும் நம்பவில்லை. தமிழ்க் கடையில் இரண்டு பேர் என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பினார்கள். கட்சியைக் கெடுத்தவள் நான்தானாம்.

பிறகு ஒரு போன் வந்தது. ஏஜென்டின் ஆள். மிக மரியாதையான குரல். "அக்கா, இனி ஒண்டும் கதைக்க வேண்டாம். பிள்ளைக்கு எதிர்காலம் ஒண்டு இருக்கெல்லே." அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று நாள் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு கறுப்பு வான் நின்றது. அது யாருடையது என்று தெரியாது. யாரோ விருந்தாளியுடையதாகவும் இருக்கலாம். நான் யன்னல் சீலையை இழுத்துவிட்டு, வேலைக்குப் பின்கதவால் போனேன். முப்பது வருடத்துக்குப் பிறகு, ஊரில் போலத் திரும்பவும் பின்கதவால்.

நேற்று மத்தியானம் மணி அடித்தது. திறக்கப் பயந்து கதவு ஓட்டையால் பார்த்தேன். நிரோஷ். மெலிந்து, தாடி வளர்த்து நின்றான். உள்ளே வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் இருந்தான்.

"ஏஜென்டின்ர ஆக்கள் என்னைத் தனிய மாட்டிவிடப் போகினம் அம்மா. லிஸ்ட் தந்தது ஆர் எண்டு சொன்னா லோ ஸ்கூலை மறக்கச் சொல்லினம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டித் தாங்கள் பாத்துக்கொள்ளுறமாம்." முகத்தைப் பொத்திக்கொண்டான். "நான் திங்கக்கிழமை கட்சி விசாரணைக்குப் போறன். எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப்போறன். என்ர பிழையையும். பொலிசுக்கும் போகுமாம். எனக்குப் பயமாக் கிடக்கு அம்மா. நீங்களும் வாறீங்களே?"

"வாறன்" என்றேன். அவனைக் காட்டிக் கொடுத்தது சரியா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டான்.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து மேசையில் இருந்து எழுதுகிறான். அவன் எழுதுவது ஆங்கிலத்தில், நான் எதிரே இருந்து எழுதுவது தமிழில். இடைக்கிடை நிமிர்ந்து, ஒபீசில் நடந்ததை எந்த ஒழுங்கில் சொல்வது என்று கேட்கிறான். நடந்தது நடந்தபடி சொல்லு என்கிறேன். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அவர்கள் என்ன செய்வார்கள்? சட்டப் படிப்பு கிடைக்குமா? அந்த வான் திரும்ப வருமா? உங்களிடம் கேட்டால், உதைப் பிறகு பாப்பம், முதலில தேத்தண்ணி குடி என்பீர்கள்.

வாக்குறுதி ஒன்று தருகிறேன். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை உள்ளே விட்டால் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். விடாவிட்டால் கதவுக்கு வெளியே நிற்பேன். எனக்கு நடுக்கம் நிற்காது, அது எனக்குத் தெரியும். நடுங்கிக்கொண்டே நிற்பேன். அவன் வெளியே வரும்வரைக்கும் எங்கேயும் போக மாட்டேன்.

பயந்தாலும் உங்கள் பெண்சாதியாக, அவனுடைய தாயாக,
வதனி