வராதே என்று சொல்லும் சைகை

ஜூன் 18, காலை 7.10

மன்னார் வளைகுடா, மிதவை ஆய்வு நிலையம். பதிவு செய்பவர் எமரன்சியா வில்லவராயர், கடல் உயிரியலாளர். கூட இருந்தவர் காய்ச்சலோடு கரைக்குப் போய்விட்டதால் இப்போது நான் மட்டும். கழுத்தில் தொங்கும் கருவியிடம் வாயால் சொல்கிறேன், அது எழுத்தாக்கிக்கொள்ளும். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழாக்கும் அதிகப்பிரசங்கித்தனமும் அதற்கு உண்டு.

கடல் அமைதி. தொட்டியில் நுண்பாசி நலம். இந்தப் பாசியைத் தின்பவை கண்ணுக்கு எட்டாத குட்டி இறால்கள். அவற்றின் வாசனை நீரில் பட்டாலே பாசி நஞ்சு சுரக்கும். அந்த வாசனையை ரசாயனமாகச் செய்து சொட்டுச் சொட்டாக விடுகிறேன். இறாலே இல்லாமல் பாசி அரண்டுபோகிறது. பாவமாகத்தான் இருக்கிறது.

நேற்று மாலையும் வழக்கம்போல் தொட்டி நீரைக் கடலில் விட்டேன். உயிரோடு எடுத்ததை உயிரோடு திருப்பி விடுவது இந்த நிலையத்தில் நாங்கள் வைத்திருக்கும் முறை.

ஜூன் 20, மதியம் 1.30

நிலையத்தைச் சுற்றிப் பச்சை. பார்வைக்குப் பூங்கோரை மாதிரி இருக்கிறது, எங்கள் மீனவர்கள் வருடாவருடம் பார்க்கும் பச்சைப் பாசிப் படலம். ஆனால் இது என் தொட்டிப் பாசி.

நீரைச் சோதித்தேன். நான் விட்ட வாசனை இருக்கிறது, விட்டதைவிடப் பல மடங்கு. பாசியே அதைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்று பயந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் சொல்லிவிடுகிறது. உயிரோடு திருப்பி விட்டேன் அல்லவா, பயத்தையும் சேர்த்தே விட்டிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தம்பி காஸ்பர் வானொலியில் வந்தான். "என்னக்கா, அங்க பூங்கோரை கெடக்காம்லா? ஒனக்கு ஒண்ணும் இல்லயே?" ஒன்றுமில்லை, உன் வேலையைப் பாருடா என்று அதட்டினேன்.

ஜூன் 21, காலை 9.00

ஜெனரேட்டர் நின்றது. அதைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாயில் பச்சைக் கூழ் அடைத்துவிட்டது. பேட்டரியில் மிச்சம் இருப்பது வானொலியைக் கேட்கப் போதும், பேசப் போதாது.

காற்றில் தெறிக்கும் துளியிலேயே நஞ்சு வருகிறது. உதடும் விரல் நுனியும் மரத்துவிட்டன. மேல்தளத்தில் கடற்காகங்கள் செத்துக் கிடக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறேன். இப்படியே இருந்தால் நான் தாக்குப்பிடித்துவிடுவேன். திறந்த வள்ளத்தில் இதற்குள் வருகிறவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

மதியம் 2.20

"அக்கா, காலையிலேர்ந்து சத்தத்தையே காணோம். கேக்குதா? சரி, ஹில்லாரி மாமா வள்ளத்துல பாதி தூரம் வந்துட்டோம். பயப்படாம இரி."

இதற்குத்தான் பயந்தேன். எங்கள் கடற்கரையில் ஒரு குரல் நின்றுபோனால் யாரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்கள். வள்ளத்தை இறக்கிவிடுவார்கள். பிணமாக இருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள்.

என்னிடம் இருப்பவை வாணம், ஆரஞ்சுப் புகை, சிவப்புக் கொடி, கண்ணாடி. எல்லாமே 'வா' என்றுதான் சொல்லும். சும்மா இருந்தாலும் வருவார்கள். 'வராதே' என்று சொல்ல ஒரு சாமான் இந்த நிலையத்தில் இல்லை. யோசித்து யோசித்து அழுகை வந்துவிட்டது.

மதியம் 2.45

ரப்பர்ப் படகு இருக்கிறது. வடக்கே பச்சை முடிகிற இடம் இங்கிருந்தே தெரிகிறது, அதற்கு அப்பால் நல்ல நீலம். அவர்கள் வருவதற்குள் நான் அங்கே போய்ச் சேர்ந்தால், நேரில் சொல்லி அப்படியே திருப்பிவிடலாம். துடுப்புப் போடும்போது துளி முகத்தில் அடிக்கும். அடிக்கட்டும். முகத்தில் ஈரத்துணி கட்டியிருக்கிறேன்.

காஸ்பருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது.

மாலை 3.30

பாதிக்கு மேல் வந்துவிட்டேன். துடுப்பு கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாக்கு தடித்துவிட்டது. நான் குழறுவதை இந்தக் கருவி எப்படித் திருத்துகிறதோ.

வள்ளம் தெரிகிறது. நீலத்தில்தான் இருக்கிறார்கள். முன்னால் நிற்பது அவன்தான், கையை ஆட்டுகிறான். நான் ஆட்டக் கூடாது, ஆட்டினால் வேகமாக வருவான்.

இன்னும் கொஞ்சம். காஸ்பர், அங்கேயே நில். அங்கேயே

மாலை 4.02

*குறிப்பு: பதிவு செய்பவரின் குரல் இல்லை. வேறு குரல். திருத்தமின்றிப் பதிவாகிறது.*

"ஆபீஸ்ல யாராவது கேட்டா, நான் காஸ்பர் பேசுதேன், எமரன்சி அக்கா தம்பி. இதுல பேசுனா பதிவாகும், கரைக்குப் போன பெறவு ஆபீஸ்ல பாப்பாங்கன்னு அக்கா சொல்லிருக்கா. அக்காள வள்ளத்துல தூக்கிட்டோம். பச்சை ஓரத்துலயே கெடச்சிட்டா, தெய்வச் செயல்தான். மூச்சு இருக்கு, பேச்சு வரல. கை கால் அசையல. கண்ண மட்டும் உருட்டி உருட்டிப் பாக்கா. தண்ணி வடியுது. அழாதக்கா, அதான் வந்துட்டோம்லா.

கர ரொம்ப தூரம். அதுவரைக்கும் மூச்சு தாங்காதுன்னு மாமா சொல்லுதாரு. நிலையத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, போன தடவ நான்தான் ஏத்திக் குடுத்தேன். இந்தா தெரியுது, பக்கத்துலதான். ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருதோம்.

மாமா, பச்சைக்குள்ளயே நேரா விடுங்க."