குடைத்துணி உடுப்பில் பவளப்பாறை பார்த்தேன்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலையும் உன் அப்பாவின் வாயையும் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம், அங்கே நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடலடியில் பவளம் நடும் அந்த வேலையில் இன்னும் மூன்று வருடம் இருக்கட்டுமா, நீ சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று கேட்டிருந்தாய். மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். பார்க்காமலே மறுத்தால் நீ சண்டைக்கு வருவாய், ஆகவே இங்கே உள்ள கடல் பூங்காவுக்கு ஒரு நடை போய், இதெல்லாம் மனிதர் இறங்குகிற இடமா என்று சொல்ல நாலு காரணம் பொறுக்கி வரலாமென்று உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே நீந்த உடுப்பு வாடகைக்குத் தருவார்களாம். யார் யாரோ போட்டுக் கழற்றியதை நான் போடுவேனா, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைக்கிறவளுக்குத் தனக்கு ஒன்று தைக்கத் தெரியாதா என்று திமிர். கடையில் மிச்சம் கிடந்த கறுப்புக் குடைத்துணியை எடுத்து, தாராளமாக லூஸ் வைத்து, ஜெல்லி மீன் உள்ளே புகுந்துவிடக் கூடாதென்று கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றிலும் எலாஸ்டிக் வைத்து இறுக்கி, இரட்டைத் தையலும் போட்டேன். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே போக வழியில்லையே என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. படகின் ஏணியிலிருந்து தண்ணீரில் இறங்கியதுதான் தாமதம், காற்றெல்லாம் முதுகுக்கும் அதற்குக் கீழேயும் போய் உப்பிக்கொண்டது. குப்புறக் கவிழ்ந்தவள்தான், நிமிரவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. வாயில் அவர்கள் மாட்டிவிட்ட மூச்சுவிடும் குழாய் இருந்ததால் பிழைத்தேன், அது இருந்ததால் கத்தவும் முடியவில்லை. ஐயோ யாராவது புடிங்களேன் என்று உன் அப்பா கத்தினாராம், கத்திக்கொண்டே போட்டோவும் எடுத்திருக்கிறார். உனக்கு அனுப்பினாரென்றால் தயவுசெய்து திறக்காதே.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நீந்தி வந்து என் கையைப் பிடித்து, பயப்படாதீங்கம்மா, நான் புடிச்சிருக்கேன், காலை மட்டும் பவளத்து மேல வெச்சுடாதீங்க, அதுக்கும் உசுரு இருக்கு என்றாள். என் கால்தான் ஆகாயத்தைப் பார்த்து நிற்கிறதே, எதன் மேல் வைப்பது? வேறு வழியில்லாமல் கீழே பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு கிளிமீன், உன் அப்பா ஐஸ்கட்டி கடிப்பதுபோல நறுக் நறுக்கென்று பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆமை என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போனது, இப்படி ஒரு பிராணியை அது பார்த்ததே இல்லை போலும். அப்புறம் ஓர் இரும்புச் சட்டம், அதில் முறிந்த பவளத் துண்டுகளை வரிசையாகக் கட்டி வைத்திருந்தார்கள். முடிச்சு ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தி, ஒரு பிசிறு இல்லை. அந்தக் குட்டிக் கிளைகளுக்குள் சட்டைப் பொத்தான் அளவு மீன்கள் குடியேறி, போவதும் வருவதுமாக இருந்தன. இதைத்தானே என் பெண் செய்கிறாள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. நீச்சல் கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டதென்று பிறகு எல்லாரிடமும் புளுகினேன்.

படகுக்கு இழுத்து வந்து அவள் என் கழுத்து எலாஸ்டிக்கை விலக்கிக் காற்றை வெளியேற்றினாள். அந்தச் சத்தத்தை எழுத மானம் இடம் தரவில்லை. படகே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. துவட்டிக்கொள்ளும்போது அவளிடம், உங்கம்மா எப்படிம்மா உன்னைத் தண்ணில விட்டாங்க என்று கேட்டேன். அவங்க எங்கேம்மா விட்டாங்க, ஓட்டல்ல கணக்கு எழுதறேன்னு சொல்லி வெச்சிருக்கேன் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் கரையேறினாளா என்று கவலைப்படக்கூட அந்த அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லையே. நீயானால் என் பதிலுக்குக் காத்து நிற்கிறாய்.

அதனால் சரி, கையெழுத்துப் போடு. பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, கடல் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்த்த பிறகு அது இன்னும் கூடித்தான் இருக்கிறது. ஆனாலும் சரி. உன் கைக்கும் மூச்சுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே, தினமும் கரைக்கு வந்ததும் ஏறிட்டேம்மா என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பு. தலையை அப்புறம் துவட்டிக்கொள்ளலாம்.

மூழ்கத் தெரியாத
உன் அம்மா