எங்கள் வீட்டுச் சுகாதாரச் சட்டம்

4 மார்ச், செவ்வாய்

அமெரிக்க அதிபர்கள் மருத்துவக் காப்பீடு கொண்டுவரப் பட்ட பாட்டை ஒப்பிடும் என் முதுகலைக் கட்டுரை இன்னும் ட்ரூமனைத் தாண்டவில்லை. அதற்குள் அப்பாவோடு பெம்பானில் இருக்கும் தங்கை ஜானகி கூப்பிட்டாள். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்து ஊர் ஜாசினில் ஒரு தர்ம மையத்தில் ஓர் இடம் இருக்கிறது. யார் அழைத்து வருவார்கள் என்று பதினேழாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. நோயாளியின் காதில் நோயின் பெயர் விழக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ரத்தம் குறைவு, மருந்து ஏற்ற வேண்டும் என்றோம். கழுத்தில் குழாய் வைக்கக்கூட அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார் மனிதர்.

9 மார்ச், ஞாயிறு

நானும் என் கணவரும் உட்கார்ந்து அட்டவணை போட்டோம். யார், எந்த நாள், எந்தக் கார். ஆயர் குரோவில் அண்ணன் கணேஸ்வரன் வீட்டில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கள ஒரு வார்த்த கேக்காம நீங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணிட்டீங்க. நாங்க என்னா, ஒன் ஸ்டூடண்டா?"

ஆளாளுக்குத் தம் பிரதியின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்கள்.

10 மார்ச்

கிளிண்டனும் காப்பீட்டுத் திட்டத்தை மூடிய அறையில், மனைவியைத் தலைவராக வைத்து எழுதித்தான் தோற்றார். புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன். படித்தவளாம்!

13 மார்ச், வியாழன்

இனி ஜான்சன் வழி: ஒருவரை மிரட்டு, ஒருவரைக் குளிர வை. ஒவ்வொருவராகத் தனியே பிடித்தேன். தம்பி தனபாலனிடம், ஆஸ்பத்திரியில் அப்பாவை விட்டுவிட்டுப் பந்தாட்டம் பார்க்கப் போனதை அவன் மாமியாரிடம் சொல்வேன் என்றேன். உடனே தலையாட்டிவிட்டான். மையத்துப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று முதலில் அண்ணன் பெயர். கசக்குமா?

ஆளுக்கு ஒரு நாள் ஒப்புக்கொண்டார்கள்.

16 மார்ச், ஞாயிறு

ஒப்புக்கொண்டதற்கு நிபந்தனைகள். அண்ணன் மகளுக்குப் பரீட்சை வருடம், ஆகவே விலக்கு. தம்பி சிங்கப்பூர் லோரி ஓட்டும் நாட்களில் விலக்கு. எனக்கு வகுப்பு உள்ள நாட்களில் விலக்கு. ஒபாமாகூட இப்படி விட்டுக்கொடுத்துத்தானே நிறைவேற்றினார்?

கூட்டிக் கழித்தால் மூன்று நாளும் ஜானகி. கல்யாணம் ஆகாதவள், அப்பாவோடு இருப்பவள். குருபோங் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்ததால் கூட்டத்துக்கு வரவில்லை. எல்லோரும் கை தூக்கினோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

இரவு அவளிடம் சொன்னேன். "சரிக்கா," என்றாள். அவ்வளவுதான்.

18 மார்ச், செவ்வாய்

ஜானகி வேலையை விட்டாள். இன்று முதல் நாள். பெருமையாக நானும் போனேன்.

அப்பா கதவருகே நின்றுவிட்டார். வரிசையாகக் கட்டில்கள், குழாய்களில் ரத்தம் ஓடுகிறது. எவ்வளவு நேரம் என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டார். நாலு மணி நேரம், வாரம் மூணு நாள், சாகிற வரைக்கும் என்றார் அவர். அப்பா எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

நான் தாதியைக் கூப்பிட்டேன். தாதி இருமுறை விளக்கியும் அப்பா வேண்டாம் என்றார். மறுப்புத் தாளில் அவரே கையெழுத்துப் போட்டார். நாளைக்கே இடம் வேறொருவருக்காம்.

2 ஏப்ரல்

கட்டுரைக்கு ஏ. 'எதிர்ப்பாளர்களைப் பற்றிய கூர்மையான பார்வை' என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார்.

7 ஏப்ரல், திங்கள்

அப்பா சம்மதித்துவிட்டார். ஜானகி நோயின் பெயரைச் சொல்லி, எதிரே உட்கார்ந்து மூன்று நாள் பேசினாளாம். இதை யாராவது மார்ச்சிலேயே செய்திருந்தால் —

மையத்தில் இப்போது இடம் இல்லை. ஏற்கெனவே இருப்பவர் யாராவது செத்தால்தான் இடம். தொழிற்சாலையும் ஜானகியைத் திரும்ப எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒருமுறை செய்து அனுப்பினார்கள்.

19 ஏப்ரல், சனி

பெம்பானில் இருக்கிறேன். அப்பாவின் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது. இடம் காலியா என்று தினமும் காலையில் ஜானகி மையத்துக்குப் போன் செய்வாள். இன்று அவள் அப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் செய்தேன்.

"இல்லக்கா, இன்னைக்கு எல்லாரும் வந்துட்டாங்க," என்றாள் தாதி.

ச்சே என்றேன். அந்தத் தாதி காதில் விழுந்திருக்கும்.