சனிக்கிழமைகளின் வெயில்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

உறுதியானது: செல்வியின் கிராமம் 'கடும் வறட்சி' வகுப்புக்குள் வந்துவிட்டது. ஆதாரம்: மாவட்ட அலுவலகத்தின் நீர்க்கணக்கு அட்டவணை. அதிகாரி கையில் தந்தது, காலை பத்தரை. 'நடுத்தரம்' என்றால் பவுசர் லொறியில் தண்ணீர் வராது. 'கடும்' என்றால் வாரத்துக்கு இரண்டு தரம். பட்டியல் முடிவாவது அடுத்த செவ்வாய்.

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கண்ணெல்லாம் புழுதி.

கணக்கு முறையை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டேன். பெய்த மழையிலிருந்து வெயிலும் காற்றும் குடித்த நீரைக் கழிப்பது. மிச்சத்தை முப்பது வருடத்து இதே மாதங்களோடு ஒப்பிடுவது. இம்முறை மழை அவ்வளவு மோசமில்லை. ஆவியானதுதான் கூடுதல். எல்லைக்கோட்டை மயிரிழையில்தான் தாண்டியிருக்கிறது.

நான்கு மணிக்குப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியாயிற்று. செல்விக்கும் ஃபோன். தென்மராட்சியில் வெங்காயம் செய்கிறவள். கிணறு உப்பாகி ஒரு மாதம். குடிதண்ணீருக்குச் சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டி இரண்டு மைல் தூரம்.

"உண்மையோ அண்ணை? பிள்ளையளிட்டைச் சொல்லட்டே?"

"சொல்லு."

ஓகஸ்ட் 13, புதன்

முதல் பக்கம். தலைப்பு நான் வைத்ததல்ல.

செய்ய: மூக்குக்கண்ணாடிக்கு ஆணி. சீனி. பல்லு வைத்தியரிடம் நேரம்.

அட்டவணையோடு வந்த தினப்பதிவுகளை மத்தியானம் பிரித்தேன். செய்தி போன பிறகு தேவையில்லாத வேலை. பழக்கதோஷம். ஆவியாதல் நிரலில் ஏழு நாளுக்கொரு தரம் எண் உயர்கிறது. கலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சனி. ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க.

வெயிலுக்குக் கிழமை தெரியுமா?

ஓகஸ்ட் 14, வியாழன்

சரியான நித்திரை இல்லை. ஆணி வாங்க மறந்தேன்.

பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். வயதில் என்னிலும் இளையவர். "விடுங்கோ அண்ணை, சனத்துக்குத் தண்ணி வரட்டும். ஆருக்கு நட்டம்?" எழுந்து வந்தேன். படியிறங்கும்போது பதில் வந்தது: அடுத்த வறட்சியில் இந்த அட்டவணையை ஆர் நம்புவது?

ஆவியாதலை அளவெடுக்கிறவன் சிவம். பள்ளியில் என்னோடு படித்தவன். செல்வியின் ஊர்தான். ஃபோனில் கேட்கிற விஷயமில்லை.

ஓகஸ்ட் 16, சனி

மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ். சிவம் அளவெடுக்கிற விவசாயப் பண்ணைக்குப் போய்ச்சேரப் பன்னிரண்டு.

ஆவியாதலை அளக்க நாலடி அகல வட்டத் தொட்டி, சாணளவு தண்ணீர். ஒவ்வொரு காலையும் குறிவரை நிரப்பி, எத்தனை கோப்பை ஊற்றியதென்று முந்தின நாள் கணக்கில் எழுத வேண்டும். மேலே கம்பி வலை இருக்க வேண்டும். இல்லை. துருப்பிடித்து விழுந்ததாம். "புதிசு கேக்க நினைச்சனான், மறந்து போச்சு."

சிவத்துக்குச் சனி விரதம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. முதற் பிடியைத் தொட்டிக்குப் பக்கத்து மதிலில் வைத்து "கா, கா" என்றான். பத்துப் பதினைந்து வந்தன. தின்றன. தொட்டியில் குடித்தன. பிறகு இறங்கிக் குளித்தன. உதறிய தண்ணீரெல்லாம் மண்ணில்.

"இரும், காகம் சாப்பிட்டிட்டுது. இனி நீரும் சாப்பிடலாம்."

"உது ஒவ்வொரு சனியும் நடக்குமோ?"

"பின்னை? காகத்துக்கு வைக்காமல் நான் வாயிலை வைப்பனே? சனீஸ்வரன் உம்மடை பேப்பர் வாசிக்கிறேல்லை."

பதிவுகளைக் காட்டினேன். முதலில் சிரித்தான். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு சனியாகப் பார்த்தான். சோறு ஆறிப் போயிற்று.

"அந்த இடத்திலைதான் நிழல். அதாலைதான் அங்கை வைச்சனான்."

"எழுதப் போறன், சிவம்."

"எழுதும். என்ரை பேரையும் போடும். ஆனால் செல்வியின்ரை கிணறு என்ரை காகத்தாலை உப்பாகேல்லை. அதையும் எழுதும்."

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காலை எட்டரைக்கு ஃபோனில் சிவம்: "குறிக்கு நிரப்ப வழமையிலும் மூண்டு கோப்பை கூட. இனிக் காகத்துக்குச் சோறு கேற்றடியிலை."

திருத்தம் எழுதினேன். ஐந்து வசனம். சிவத்தின் பெயர் போடவில்லை, 'அளவெடுப்பவர்' போதும். ஐந்தாவது வசனம்: இந்த அட்டவணை கிணற்று உப்பை அளப்பதில்லை. ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் அனுப்பினேன்.

அதிகாரி வீட்டிலிருந்தே ஃபோன் எடுத்தார். சனிக்கிழமைகளுக்கு முன்பின் நாள் சராசரி போட்டு மீண்டும் கணக்கிடுவார்களாம். வகுப்பு இறங்கக்கூடும். கிணறு உப்பென்று கிராம அலுவலர், ஊர் விதானை, கடிதம் தந்தால் தனியாகப் பரிசீலிக்கலாம், கூட்டத்துக்கு முதல் வந்தால்.

செல்விக்குச் சொன்னேன்.

"அப்ப தண்ணி இல்லையோ?"

"தெரியாது, பிள்ளை."

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம்."

"எனக்கு எல்லாக் கிழமையும் ஒரே வெயில்தான் அண்ணை." வைத்துவிட்டாள்.

தேத்தண்ணி ஊற்றி, குடிக்காமல் முற்றத்தில் நடந்தேன். மூன்றரைக்கு அவளே எடுத்தாள்.

"விதானையின்ரை படலையடியிலை நிக்கிறன். சோடாப் போத்தல் நிறையக் கிணத்துத் தண்ணி கொண்டந்தனான். கடிதம் பிறகு, முதல் ஒரு மிடறு குடியுங்கோ எண்டு சொல்லப் போறன்."

மீள்கணக்கு: நாளை பகல் பன்னிரண்டுக்குள். பட்டியல்: செவ்வாய். கடிதம்: ஐந்து மணிவரை இல்லை.