பரிசாக வேண்டாம் என்ற படகு

செப்டம்பர் 22
எங்கள் தீவின் குளிர்காலப் படகுக்கான ஒதுக்கீட்டை அரசு அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இது அநியாயம். அதில் போக்குவரத்து அமைச்சகத்துக்கான பக்கங்களை இரண்டு முறை வாசித்துவிட்டேன். முப்பத்தொரு வருடமாக இருந்தது, இப்போது இல்லை. டிசம்பர் 31 கடைசி ஓட்டம். அதன்பிறகு என் கணவர் டொய்வோ வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு எப்படிக் கரைக்குப் போவார்? மேலே நடந்து போகும் அளவுக்குக் கடல் உறைய பிப்ரவரி ஆகும்.

செப்டம்பர் 25
எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கௌகோ போன் செய்தார். ஆளுங்கட்சிக்காரர்.

"கவலப்படாதீங்க ஹில்யாக்கா. டிசம்பர்ல உறுப்பினர்கள் கேக்குற சின்னச் சின்ன வேலைக்கு நிதிக்குழு கொஞ்சம் ஒதுக்கும்ல, கிறிஸ்துமஸ் பரிசு. அதுல உங்க படகையும் சேத்துடறேன்."

"எத்தன வருஷத்துக்கு?"

"ஒண்ணு."

"அப்புறம்?"

"மறுபடி கேளுங்க."

வருடாவருடம் கையேந்தவா? சாலையை யாராவது பரிசாகக் கொடுப்பார்களா? அமைச்சகத்தின் நிரந்தர ஒதுக்கீட்டில் திரும்ப வையுங்கள் என்றேன். தீவுச் சங்கத் தலைவி நான். சங்கம் கேட்காததை அவர் குழுவில் கேட்க முடியாது.

அக்டோபர் 3
சங்கக் கூட்டம். படகோட்டி பெண்டி எழுந்தான். "தலைவியம்மா, பரிசோ பிச்சையோ, படகு ஓடுனா போதும். உங்க வீராப்ப வச்சா இன்ஜின் ஓடும்?"

பரிசு வேண்டாம் என்று என் பக்கம் ஒன்பது கை, அவன் பக்கம் எட்டு. ஒன்பதாவது கை டொய்வோவுடையது. வீட்டுக்கு வரும்போது சொன்னார்: "என்னைய நீந்திப் போகச் சொல்லாம இருந்தா சரி."

நவம்பர் 14
தலைநகர் ஹெல்சின்கி. நிதிக்குழுவின் முன் ஏழு நிமிடம். ஆறில் முடித்தேன். தலைவர் கேட்டார்: "நிரந்தரமா வேணும்னா, அதே பக்கத்துல வேற எதக் குறைக்கிறது? நீங்களே சொல்லுங்கம்மா."

"அது உங்க வேல. என்னோடதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. ரயிலில் யோசித்தேன் — தப்பாகச் சொன்னேனா? இல்லை.

டிசம்பர் 12
குழுவின் அறிக்கை வந்தது. எங்கள் தீவின் பெயரே இருக்கிறது! 'குளிர்காலப் படகுப் போக்குவரத்து நிரந்தரமாகத் தொடர்வதை இக்குழு முக்கியமாகக் கருதுகிறது.' மூன்று முறை வாசித்தேன். டொய்வோவையும் எழுப்பி வாசித்துக் காட்டினேன்.

பிறகுதான் தொகைகளைப் பார்த்தேன். எங்களுக்கு ஒன்றுமில்லை. பரிசுப் பட்டியலில் வேறு ஊரின் மரப்பாலம்.

கௌகோ: "வாக்கியம் கேட்டீங்க, வாங்கிக் குடுத்தேன். வாக்கியமும் பணமும் சேந்து வராதுக்கா."

டிசம்பர் 19
நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. நாள் முழுக்க டிவி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பொத்தானை அழுத்தினார்கள். எங்கள் படகுக்கு யாரும் திருத்தம் கொண்டுவரவில்லை. அதனால் வாக்கும் இல்லை. அந்தப் பக்கம் அப்படியே நிறைவேறியது.

டிசம்பர் 21
செய்ய வேண்டியவை:

பெண்டி — 30ஆம் தேதி டொய்வோவின் கட்டிலையும் பெட்டிகளையும் படகில் ஏற்ற வேண்டும். டொய்வோவின் தங்கை — கரையில், தன் வீட்டுக் கீழறையை அவருக்காகச் சூடாக்கி வைக்க வேண்டும், பனி விலகிச் சின்னப் படகுகள் ஓடும் மே மாதம் வரைக்கும். ஆடுகளை விட்டுவிட்டு என்னால் போக முடியாது.

கௌகோ — குழு எழுதிய அந்த வாக்கியத்தை வைத்து அமைச்சரிடம் சபையில் கேள்வி கேட்க வேண்டும்.

அமைச்சகம் — அடுத்த ஆகஸ்ட் மாத வரவு செலவு வரைவில் ஒதுக்கீட்டைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நிரந்தரமாக.

நான் — இவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுத வேண்டும். பரிசு வேண்டாம் என்றது சரிதான் என்றே எழுதுவேன். டொய்வோவிடம் மட்டும் வேறு மாதிரி பேச வேண்டும். படகு கிளம்புவதற்கு முன்.