எண்ணெய் போடாத கீல்

அன்புள்ள வாலுக்கு,

நீ எழுதிய கதவுக் கீல் பக்கம் போன செவ்வாய்க்கிழமை நம் ஹார்டுவேர் கடையின் இணையதளத்திலிருந்து போய்விட்டது. மற்றபடி நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் சரி. பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா உன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஆள் குரல் கேட்கட்டும் என்றே டிவியைப் போட்டு வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பூட்டு தேடி வருகிறவர்கள் தளத்தில் ஐந்தாறு பக்கம் சுற்றிவிட்டு அலுத்துப் போய்த் திரும்புகிறார்கள் என்று ஒரு கம்ப்யூட்டர்காரரைப் பிடித்தேன். அவர் எறும்பு முறை என்றார். எறும்பு போகிற வழியெல்லாம் வாசனை விட்டுப் போகுமாம், கூட்டம் போன வழியில் வாசனை ஏறுமாம், ஆள் போகாத வழி காய்ந்துவிடுமாம். அதேபோல வாடிக்கையாளர்களின் நடமாட்டத்தைப் பார்த்து, ஓடுகிற பக்கத்தை முன்னால் இழுத்து, ஓடாததைக் கழற்றிவிடுமாம். ஓடுகிற சரக்கைக் கைக்கெட்டும் தட்டில் வைக்கிறோமே, அதைத்தான் இந்த மனுஷன் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. குறை சொல்வதற்கில்லை, பூட்டு இப்போது இரண்டே தட்டலில் வருகிறது, விற்பனையும் ஏறியிருக்கிறது.

ஆனால் அன்று காலை வழக்கம்போல் கீல் பக்கத்தைத் தேடினேன், காணோம். இந்தக் கீல் எங்கப்பா மாதிரி, எண்ணெய் போடலைன்னா முனகும், ஆனா கதவை விடாது என்று ஊருக்குப் போகுமுன் எழுதி வைத்தாயே, அது. அன்றைக்கு உன்னைத் திட்டினேன். நீ போன பிறகு தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குகிறேன். கம்ப்யூட்டர்காரரைக் கேட்டால், அந்தப் பக்கத்துக்கு தினமும் காலைல ஒரே ஒருத்தர்தான் வர்றாருங்க, ஒரு திருகாணிகூட வாங்கினதில்ல, ஏதோ மெஷின் வந்து போகுதுன்னு நான் கணக்குலயே சேர்க்கல என்கிறார். அந்த மெஷின் நான்தான்ப்பா என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கையாலேயே திரும்ப வைத்துவிடுங்கள் என்றேன், அது தராசுல விரல் வைக்கிற மாதிரிங்க என்றார். என்னிடமே தராசுப் பேச்சு! முப்பது வருஷ வியாபாரி விடுவேனா? பிறகு உட்கார்ந்து பேரம் பேசினோம்.

நல்லபடியாக இரு தாயே, உன் கை வைத்த காரியமெல்லாம் விளங்கட்டும். பேரம் படிந்ததை மட்டும் குறித்து வைத்துக்கொள். அந்தப் பக்கம் ஒரு மூலையில் மூன்று மாதம் இருக்கும். பிறகும் அது நிலைக்க வேண்டுமென்றால், அதுவரை என்னைத் தவிர இன்னொரு ஆள் வாரம் ஒருமுறையாவது அங்கே வந்து போக வேண்டும். எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா